இறுகிய கைக்கு ஒரு மெல்லிய ஊசி

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்குப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலும், சங்ககிரி, குமாரபாளையம் தாண்டிக் கோவைப் பக்கம் போகும் 544ஆம் எண் சாலையிலும் இரவு பகல் பாராமல் லாரிகள் ஓடுகின்றன. அதே சாலைகளின் ஓரத்தில்தான் பள்ளிபாளையத்துத் தறிக்காரரும், கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போகிறவரும், கல்லூரிப் பையனும் இருசக்கர வண்டியில் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறார்கள். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 50,029 பேர் தலைக்கவசம் போடாமல் வண்டியில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்குத்தான் முதலிடம்: 64,105. இறந்தவர்களை இப்படி எண்ணி எழுதிவிடுகிறோம். தலையில் அடிபட்டு, பிழைத்து, ஒரு கையும் ஒரு காலும் சொன்னபடி கேட்காமல் வீட்டுக் கட்டிலில் கிடப்பவர்களை இவ்வளவு ஒழுங்காக எண்ணுவதில்லை.

பிழைக்க வைப்பதில் நாம் நிறையவே முன்னேறியிருக்கிறோம். 108 ஆம்புலன்ஸ் 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்து உயிர்காக்கும் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இந்த வட்டாரத்து விபத்துக் காயங்களை நெடுங்காலமாகத் தாங்கி வருகிறது. 2022 ஜனவரியிலிருந்து நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்து, வென்டிலேட்டரில் வைத்துக் காப்பாற்றி மகனை வீட்டுக்கு அனுப்பும்போது தாய் கையெடுத்துக் கும்பிடுகிறாள். வீட்டுக்கு வந்து சில வாரம் போன பிறகுதான் அவள் வேறொன்றைக் கவனிக்கிறாள். “கை விரியவே மாட்டேங்குதுங்க சார். இழுத்து விட்டாலும் மறுபடி மடங்கிக்குதுங்க.” சேலம், நாமக்கல் பக்கத்துப் பிசியோதெரபிஸ்டுகளுக்கு மனப்பாடமாகிப்போன வாக்கியம் இது.

முழங்கை மடங்கி மார்போடு ஒட்டிக்கொள்கிறது. மணிக்கட்டு கீழே வளைகிறது. கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்கள் பூட்டிக்கொள்கின்றன. காலைப் பார்த்தால், குதிகால் தரையில் படாமல் முன்பாதம் மட்டும் உள்பக்கம் திரும்பி ஊன்றுகிறது. சட்டை மாட்டிவிட முடியாது, அக்குளைத் துடைத்துவிட முடியாது, உள்ளங்கையில் நகம் பதிந்து புண்ணாகிவிடும். மருத்துவர்கள் இதை ஸ்பாஸ்டிசிட்டி என்பார்கள். இங்கே தசை இறுக்கம் என்றே சொல்லிக்கொள்வோம். இதைத் தளர்த்துவதற்கு மருந்தே இல்லாத வெறும் ஊசியைத் தசைக்குள் செலுத்தும் ‘ட்ரை நீடிலிங்’ என்ற சிகிச்சை பிசியோதெரபி நிலையங்களில் பரவி வருகிறது. அதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு காதில் விழுகிறது. ஒரு பக்கம், அற்புதம் என்கிறார்கள். இன்னொரு பக்கம், ஏமாற்று என்கிறார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. கை ஏன் இறுகுகிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் ஊசியின் இடம் எது என்பது தானாகவே விளங்கும்.

லாரி தெரிந்த ஊரில் இதைச் சொல்வது சுலபம். கனரக வண்டியின் பின்சக்கரத்தில் இருக்கும் ஸ்பிரிங் பிரேக் எந்நேரமும் பிடிக்கத்தான் பார்க்கும். காற்றழுத்தம்தான் அதைப் பிடிக்கவிடாமல் தள்ளி நிறுத்தியிருக்கிறது. ஏர் லைன் விட்டுப்போய்க் காற்று இறங்கினால், யாரும் எதையும் மிதிக்காமலே சக்கரம் பூட்டிக்கொள்ளும். தசையிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. ஒரு தசையைச் சட்டென்று இழுத்தால் அதைச் சுருங்கச் சொல்லித் தண்டுவடம் அந்தக் கணமே கட்டளையிடும். முழங்காலுக்குக் கீழே மருத்துவர் சின்னச் சுத்தியலால் தட்டும்போது கால் உதறுவது இந்த அனிச்சைச் செயலால்தான். மூளையிலிருந்து இறங்கி வரும் நரம்பிழைகள் இந்த அனிச்சைச் செயலை ஓயாமல் அடக்கி வைத்திருக்கின்றன. நமக்கு அது தெரிவதே இல்லை. ஓடிய வண்டி மோதி நிற்கும் கணத்தில் மண்டைக்குள் மூளை குலுங்கிச் சுழல்கிறது. மெல்லிய நரம்பிழைகள் ஆயிரக்கணக்கில் இழுபட்டுச் சிதைகின்றன. ரத்தக்கட்டும் வீக்கமும் அதற்குமேல் சேர்கின்றன. மேலிருந்து வந்த கட்டுப்பாடு தளர்ந்ததும் தண்டுவடம் தன் போக்கில் தசையைச் சுருக்கத் தொடங்குகிறது. ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் 1980இல் இந்த நிலைக்கு ஒரு வரையறை தந்தார். எவ்வளவு வேகமாக நீட்டுகிறோமோ அவ்வளவு பலமாகத் தசை எதிர்க்கும் என்பதே அதன் சாரம்.

ஊசி குத்துவது சக்கரத்தில். லைன் விட்டுப்போன இடம் மேலே இருக்கிறது. இனி நான் சொல்லப்போகும் எல்லாவற்றிலும் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாதிப்பு மூளையில் தொடங்கினாலும் வாரங்கள் போகப்போகக் கையும் மாறிவிடுகிறது. மடங்கியே கிடக்கும் தசை குட்டையாகிறது. அதைச் சுற்றியுள்ள உறைகள் தடிக்கின்றன. தசை உறைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல உதவும் ஹயலுரோனான் என்ற பொருள் அசைவில்லாத தசையில் கெட்டியாகித் தேங்குகிறது என்றொரு கருத்து இருக்கிறது. பிரீத்தி ராகவன் என்ற மருத்துவரின் குழு 2016இல், மூளை பாதிப்புக்குப் பின் இறுகிய கைத்தசைகளில் அந்தப் பொருளைக் கரைக்கும் நொதியைச் செலுத்திப் பார்த்து, அசைவு கூடியதாக எழுதியது. ஆகவே ஒரே கையில் இரண்டு இறுக்கங்கள் குடியிருக்கின்றன. ஒன்று நரம்புக் கட்டளையால் வருவது. மற்றது தசையும் மூட்டும் உருமாறிப்போனதால் வருவது. இரண்டையும் பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு. முழங்கையை மிக மெதுவாக நீட்டிப் பார்ப்பார்கள். பிறகு வேகமாக நீட்டிப் பார்ப்பார்கள். மெதுவாக நீட்டும்போது முழுதாக விரிந்து, வேகமாக நீட்டும்போது பாதியில் தடுத்தால் நரம்பு இறுக்கம்தான் பெரிது. எப்படி நீட்டினாலும் ஒரே இடத்தில் நின்றால் தசை குட்டையாகிவிட்டது என்று பொருள். டார்டியூ அளவுகோல் இந்த அடிப்படையில் அமைந்தது. ட்ரை நீடிலிங் பெரும்பாலும் முதல் வகை இறுக்கத்தில்தான் எதையாவது சாதிக்கும். இந்தச் சோதனையைச் செய்யாமலே ஊசிப் பெட்டியைத் திறப்பவரிடம் கையை நீட்டாதீர்கள்.

பக்கவாதத்துக்கும் தலைக்காயத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். பக்கவாதம் பெரும்பாலும் வயதானவருக்கு, உடம்பின் ஒரு பக்கத்தில் வரும். சாலை விபத்தில் தலையில் அடிபடுபவர் பெரும்பாலும் சம்பாதிக்கும் வயதிலுள்ள ஆண். இரு பக்கமும் இறுகலாம், கூடவே நடுக்கமும் தள்ளாட்டமும் வரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக நினைவு, கவனம், கோபம், பொறுமை ஆகியவை அடிவாங்கியிருக்கும். பத்து நிமிடப் பயிற்சிக்குள் களைத்துப்போவார், நேற்று கற்றதை இன்று மறப்பார், தாயின் மேலேயே எரிந்து விழுவார். அவர் வேண்டுமென்றே அப்படிச் செய்வதில்லை என்பதைக் குடும்பத்தாருக்கு யாராவது உட்கார்ந்து விளக்கிச் சொல்லியாக வேண்டும். நம் மருத்துவமனைகளில் அதற்கு நேரம் கிடைப்பதே இல்லை என்பது என் மனத்தாங்கல்.

இறுக்கத்துக்கு மருந்துகள் உண்டு. பாக்லோஃபென் மாத்திரை தண்டுவடத்தில் வேலை செய்து தசையைத் தளர்த்தும். ஆனால் அது தூக்கத்தையும் மந்தத்தையும் தரும். ஏற்கெனவே விழிப்பும் கவனமும் குன்றிய ஒருவருக்கு அது சிறிய விலையல்ல. போட்டுலினம் டாக்சின் என்ற ஊசி மருந்து, நரம்பு முனையிலிருந்து அசிடைல்கோலின் வெளியாவதைத் தடுத்துக் குறிப்பிட்ட தசையை மட்டும் ஏறக்குறைய மூன்று மாதம் தளர்த்தி வைக்கும். தசை இறுக்கத்தைக் குறைப்பதில் வலுவான ஆய்வுச் சான்று உள்ள சிகிச்சை இதுதான். ஆனால் குப்பி ஒன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும், போடத் தெரிந்த மருத்துவரைத் தேடிப் பெருநகரத்துக்குப் போக நேரும். ராசிபுரத்திலோ எடப்பாடியிலோ தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது எட்டாக்கனி. சில நூறு ரூபாய்க்கு உள்ளூரிலேயே கிடைக்கும் ட்ரை நீடிலிங் மேல் கண் போவதில் வியப்பில்லை.

இந்த ஊசி தசை வலி மருத்துவத்திலிருந்து வந்தது. அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராக இருந்த ஜேனட் டிராவல், தசையில் வலியைக் கிளப்பும் இறுகிய முடிச்சுகளைத் தேடி அவற்றில் மரப்பு மருந்தைச் செலுத்திவந்தார். டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து அவர் 1983இல் வெளியிட்ட கையேடு இந்தத் துறையின் அடிப்படை நூல். இதற்கிடையே, 1979இல், செக் நாட்டு மருத்துவர் கரேல் லெவிட் ஒரு கேள்வி கேட்டார்: வலி குறைவது மருந்தாலா, ஊசியாலா? 241 நோயாளிகளுக்கு, 312 வலி இடங்களில் ஊசியின் விளைவை ஆராய்ந்து எழுதினார். சரியான இடத்தில் குத்தினால் மருந்தே இல்லாமலும் 86.8 சதவீதத்தில் வலி உடனே அடங்கியது. அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு கிடையாது, ஆகவே அந்த எண்ணை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. ஆனால் மருந்தில்லா ஊசி ஒரு தனிச் சிகிச்சையாகக் கால் ஊன்றியது அதற்குப் பிறகுதான். அக்குபங்சர் ஊசியும் இதுவும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அங்கே புள்ளிகளைச் சீன மருத்துவத்தின் தடங்கள் முடிவு செய்கின்றன. இங்கே எந்தத் தசை, அதன் எந்தப் பகுதி என்பதை உடற்கூற்றியல் முடிவு செய்கிறது.

ஊசி எப்படிப்பட்டது? வழக்கமாக மருந்து ஏற்றும் ஊசி உள்ளே துளையுள்ள குழாய். இது துளையில்லாத மெல்லிய கம்பி, பெரும்பாலும் 0.25 முதல் 0.30 மில்லிமீட்டர் தடிமன். பிசியோதெரபிஸ்ட் முதலில் கையைத் தாங்கல் கொடுத்து வைத்து, இறுகிய தசையை ஓரளவு நீட்டிப் பிடிப்பார். விரலால் தடவி, கயிறுபோல் விறைத்த பட்டையைக் கண்டுபிடிப்பார். தோலைத் துடைத்து, முன்கைத் தசையிலோ மேற்கையிலோ கெண்டைக்காலிலோ ஊசியை இறக்கி, தோலைவிட்டு வெளியே எடுக்காமலே சற்று மேலும் கீழுமாக நகர்த்துவார். சரியான இடத்தில் பட்டால் தசை ஒரு வெட்டு வெட்டித் துடிக்கும். பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா பதறிவிடுவார், “ஐயோ, கண்ணு!” என்று. சிகிச்சை செய்பவர் எதிர்பார்ப்பது அந்தத் துடிப்பைத்தான். ஒரு தசைக்கு ஒரு நிமிடம் போதும். ஊசியை எடுத்து, ரத்தம் கசியாமல் அழுத்திப் பிடிப்பார். மறுநாள் வரை அந்த இடத்தில் கொஞ்சம் வலி இருக்கும்.

அந்தத் துடிப்புக்குப் பிறகு தசை ஏன் தளர்கிறது? உறுதியான ஒற்றை விடை இன்னும் இல்லை. நரம்பும் தசையும் சேரும் இடத்தில் அளவுக்கு மீறிச் சுரக்கும் அசிடைல்கோலின், ஊசியின் தூண்டலால் தணிகிறது என்பது ஒரு விளக்கம். ஒட்டிச் சுருங்கிய தசை நுண்ணிழைகளை ஊசி இயந்திர வழியில் கலைத்துவிடுகிறது என்பது இன்னொன்று. தசையிலிருந்து தண்டுவடத்துக்குப் பாயும் உணர்வுச் செய்தி அங்கே அனிச்சைச் செயலின் சூட்டைத் தற்காலிகமாகக் குறைக்கிறது என்பது மூன்றாவது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் ஜே ஷா குழுவினர் 2005இல் மிக நுண்ணிய குழாய் கொண்டு வலி முடிச்சுகளிலிருந்து திரவத்தை எடுத்து அளந்தார்கள். அங்கே வலியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் அதிகமாக இருந்தன, அமிலத்தன்மையும் கூடுதலாக இருந்தது. ஊசி பட்டுத் தசை துடித்த பிறகு அவற்றில் சில குறைந்தன. அது கழுத்துத் தசை வலி பற்றிய ஆய்வு. மூளைக் காயத்தால் இறுகிய தசைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஊசி வெறும் நம்பிக்கை விளையாட்டு என்று ஒதுக்கிவிடவும் முடியாது என்பதை அது காட்டுகிறது.

இனிச் சான்றுக்கு வருவோம். மூளை பாதிப்பால் வரும் இறுக்கத்தில் ட்ரை நீடிலிங்கை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர்கள் ஈரானில் தெஹ்ரான் மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நகோஸ்தீன் அன்சாரி குழுவினரும், இறுக்கத்துக்கென்றே தனி ஊசி முறையை வகுத்த ஸ்பெயினின் பாப்லோ ஹெர்ரெரோவும். ஆய்வுகளில் பெரும்பாலானவை பக்கவாத நோயாளிகளிடம் செய்யப்பட்டவை. தலைக்காயம் பட்டவர்களைப் பற்றியவை மிகக் குறைவு. அவையும் ஓரிரு நோயாளிகளின் விவரக் குறிப்புகளாகவோ, பல வகை நோயாளிகளைக் கலந்த சிறு குழுக்களாகவோதான் இருக்கின்றன. பக்கவாத ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது இது: ஊசி போட்ட உடனே இறுக்கம் குறைகிறது, மூட்டு விரியும் அளவு கூடுகிறது. ஆனால் அந்தப் பலன் குறுகிய காலத்துக்குத்தான். கையால் எதையாவது எடுத்து வைப்பது, சட்டைப் பொத்தான் போடுவது போன்ற செயல்திறன் கூடுகிறதா என்றால் சான்று மெலிவாகவே இருக்கிறது. ஆய்வுகளும் சிறியவை. உண்மை ஊசி எது, பொய் ஊசி எது என்று நோயாளிக்குத் தெரியாமல் மறைப்பதும் கடினம். இறுக்கத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஆஷ்வொர்த் அளவுகோல் 1964இல் வந்து 1987இல் திருத்தப்பட்டது. அதில் 3 என்று இருந்த முழங்கை 2 ஆனது என்றால் ஆய்வுக் கட்டுரைக்கு அது வெற்றி. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தொழிலாளிக்கோ, குழாயைப் பிடித்து மாட்டக் கை வர வேண்டும்.

அப்படியானால் ஊசியால் என்ன பயன்? தளர்வு கிடைக்கும் அந்தச் சில மணி நேரம், சில நாள். என் பார்வையில் இந்தச் சிகிச்சையின் மதிப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. வழக்கமாக விரியாத விரல் இப்போது விரிகிறது. குதிகால் தரையைத் தொடுகிறது. அந்த நேரத்தில் மூளைக்கு வேலை கொடுத்தால், சேதமாகாத பகுதிகள் அந்த அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து புதிதாகக் கற்கும் வாய்ப்பு இருக்கிறது. மூளைக்கு அந்தத் திறன் உண்டு, அடிபட்ட முதல் சில மாதங்களில் அது கூடுதலாக இருக்கிறது, அதற்குப் பிறகும் முற்றிலும் நின்றுபோவதில்லை. ஊசி போட்டு முடித்துவிட்டு ஆட்டோ ஏறி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் கை மறுபடி மடங்கிக்கொள்ளும். பணமும் போகும், குத்திய வலியும் மிஞ்சும்.

இந்தப் பாடம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை இடம் மாற்றி அறுவை செய்யத் தொடங்கினார். அறுவை முடிந்த கை தானாக வேலை செய்துவிடவில்லை. இடம் மாறிய தசையைப் புதிய வேலைக்குப் பழக்க வாரக்கணக்கில் பயிற்சி தேவைப்பட்டது, அதன் பிறகு பிழைக்க ஒரு தொழிலும் தேவைப்பட்டது. அவரிடம் பயின்ற மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரு கால்களையும் இழந்தவர்போல் ஆனார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார், பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வேலூரில் அந்தத் துறையை வழிநடத்தினார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றில் பணியாற்றி, விபத்தில் சிக்கிய ஒரு பெண் மருத்துவர் இந்திய மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரானார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நம் வீடுகளில் இருப்பதே போதும். தளர்ந்த கையால் தட்டிலிருந்து முட்டையை எடுத்து, உடையாமல் இன்னொரு தட்டில் வைப்பது பிடியின் பலத்தை அளந்து பழக நல்ல பயிற்சி. நாமக்கல்லில் முட்டைக்குப் பஞ்சமில்லை. வேகவைத்த முட்டையில் தொடங்கலாம். நிலக்கடலை உரிக்கலாம். டம்ளரில் தண்ணீர் எடுத்து வாய்க்குக் கொண்டுபோகலாம். துண்டை உதறி மடிக்கலாம். தறியில் வேலை பார்த்தவரானால் தடித்த நூலில் முடிச்சுப் போட்டுப் பார்க்கலாம். சேலம் செவ்வாப்பேட்டையில் கொலுசு வேலை செய்தவரானால் பெரிய வளையத்தைக் கொக்கியில் மாட்டிப் பழகலாம். கை பழைய வேலையை நினைவில் வைத்திருக்கும்போது மனமும் அதோடு ஒட்டும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம். ஐந்து பத்து நிமிடமாக நாளுக்குப் பலமுறை செய்தால் களைப்பும் எரிச்சலும் குறையும். இரவில் கை மடங்காமல் இருக்க ஸ்பிளிண்ட் கட்டச் சொன்னால், அதைத் தவறாமல் கட்டுங்கள். அது ஊசியைப்போல் கண்ணைக் கவராது, ஆனால் தசை குட்டையாகாமல் காப்பதற்காகத் தரப்படும் சாதனங்களில் அதுவும் ஒன்று.

கால் விஷயத்தில் எச்சரிக்கையோடு போக வேண்டும். சிலருக்குத் தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள அந்த இறுக்கம்தான் நிற்பதற்கு முட்டுக் கொடுக்கிறது. தசைக்குச் சொந்த பலம் இல்லாதபோது இறுக்கத்தை எடுத்துவிட்டால் முழங்கால் மடங்கி விழுவார். எந்தத் தசையைத் தளர்த்துவது, எதை விட்டுவைப்பது என்று அவரை நடக்க வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆபத்துகளை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சாதாரண முதுகு வலிக்காரருக்கு இல்லாத சில ஆபத்துகள் தலைக்காயம் பட்டவருக்கு உண்டு. மூளை நீரை வடிக்க ஷன்ட் குழாய் வைத்திருந்தால் அது காதுக்குப் பின்னால் இறங்கி, கழுத்திலும் மார்பிலும் தோலுக்கு அடியிலேயே வயிற்றுக்குப் போகிறது. அந்தப் பக்கம் ஊசியைக் கொண்டுபோகவே கூடாது. வீக்கத்துக்காக மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்து வைத்திருந்தால் அந்த இடத்தில் மூளைக்கும் வெளியுலகுக்கும் நடுவே தோலும் மெல்லிய உறையும்தான் இருக்கின்றன. தலையைச் சுற்றி எந்த ஊசியும் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவருக்கு ஆழ்ந்த தசைக்குள் ரத்தம் கட்டலாம். தோள், மார்புப் பகுதியில் தவறான கோணத்தில் இறங்கும் ஊசி நுரையீரலைத் துளைத்துவிடும். இது ட்ரை நீடிலிங்கில் எல்லா நோயாளிக்கும் பொதுவான, அரிதானாலும் கடுமையான ஆபத்து. வலிப்பு வந்துகொண்டிருப்பவருக்கும், திடீரென்று கையை உதறுபவருக்கும், வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாதவருக்கும் போடுமுன் மருத்துவர் அனுமதி வேண்டும். நினைவு தெளியாதவரின் உடம்பில் ஊசி குத்த யார் சம்மதம் தருவது என்ற கேள்வியும் இருக்கிறது. குடும்பத்தாரிடம் முழுவதையும் விளக்கி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே செய்ய வேண்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, பலரும் கேள்விப்படாதது. கடுமையான மூளைக் காயத்துக்குப் பிறகு சிலருக்கு இடுப்பு, முழங்கை போன்ற மூட்டுகளைச் சுற்றித் தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கும். மூட்டு சூடாகி, வீங்கி, நாளுக்கு நாள் அசைவு குறையும். வெளியிலிருந்து பார்த்தால் தசை இறுக்கம் போலவே இருக்கும். இதைக் கட்டு வைத்தியரிடம் காட்டி இழுத்து நீவுவதும், ஊசியால் குத்துவதும் கேடு. சூடும் வீக்கமும் கண்டால் முதலில் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை. திடீரென்று இறுக்கம் கூடினால் வேறு காரணங்களையும் தேட வேண்டும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், நகச்சுத்தி ஆகியவைகூட இறுக்கத்தைத் தூண்டிவிடும். அவற்றைச் சரிசெய்தாலே கை தளர்ந்ததைக் கண்டவர்கள் உண்டு.

ஊசி போட்டால் நினைவு திரும்பும், கோமா தெளியும், பேச்சு வரும் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கைத்தசையில் குத்தும் ஊசிக்கு அந்தச் சக்தி இருப்பதாக எந்தச் சான்றும் இல்லை. இருபது சிட்டிங், முப்பது சிட்டிங் என்று மொத்தமாக முன்பணம் கேட்பதையும் நான் ஏற்கமாட்டேன். இரண்டு மூன்று முறை போட்டு, முன்னும் பின்னும் அளந்து பார்த்து, வீட்டு வேலை ஏதாவது ஒன்றில் மாற்றம் தெரிகிறதா என்று கண்டு, அதன் பிறகு தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பதுதான் நேர்மை. போடுபவர் பிசியோதெரபியில் பட்டம் பெற்றவரா, ட்ரை நீடிலிங்கில் தனியாகப் பயிற்சி எடுத்தவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஊசி ஒருவருக்கு ஒருமுறை மட்டும், உங்கள் கண் முன்னால் உறை பிரித்ததாக இருக்க வேண்டும். ஊசி போட்ட பிறகு என்ன பயிற்சி, வீட்டில் யார் செய்ய வைப்பது, எத்தனை நாள் என்று அவரிடம் கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாதவரிடம் ஊசிக்கும் வேலையில்லை.

ஊசி கிடைக்காத வீடுகளுக்கும் வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவருவதோடு, நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் தருகிறார்கள். பணம் கிடையாது. தலைக்காயத்தோடு வீடு திரும்பிய பலருக்கு இப்படியொரு சேவை தங்களுக்கும் உண்டு என்பதே தெரியாமல், முதல் ஆறு மாதம் வீணாகிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் படுத்திருந்தால், மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், பிசியோதெரபிஸ்ட் எந்தக் கிழமை வருவார் என்று கேட்டுப் பெயரைப் பதிந்துவிடுங்கள்.